ஒருவரின் வெற்றி, எண்மரின் உழைப்பு: வீதி சைக்கிளோட்டமும் அணி வியூகங்களும்

விளையாட்டுகளைத் தனிநபர் போட்டிகள் என்றும் அணிப் போட்டிகள் என்றும் இரண்டாக வகுப்பது வழக்கம். உதைபந்தாட்டத்திலும் கிரிக்கெட்டிலும் கிண்ணம் அணிக்கு உரியது. மரதன் ஓட்டத்தில் பதக்கம் ஓடியவருக்கு உரியது. இவ்விரண்டு வகைக்கும் இடைப்பட்ட விளையாட்டு ஒன்று உண்டு. அதில் உழைப்பு அணியினுடையது, பட்டமோ ஒருவருடையது. ஐரோப்பிய நாடுகளின் வீதிகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்று வரும் தொழில்முறை சைக்கிளோட்டமே அதுவாகும்.

இப்போட்டிகளைத் தொலைக்காட்சியில் முதன்முறையாகப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழுவது இயல்பு. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் மணித்தியாலக் கணக்கில் ஒரே கூட்டமாகச் செல்கின்றனர். அவர்களுள் மிகவும் பலசாலியானவர் ஏன் கூட்டத்தை விட்டு முன்னேறிச் சென்று வெற்றியைத் தட்டிக் கொள்வதில்லை? இக்கேள்விக்கான விடையிலேயே இவ்விளையாட்டின் வியூகங்கள் யாவும் அடங்கியுள்ளன எனலாம்.

காற்று வகுத்த விதி

சமதரையில் மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும் வீரர் செலவிடும் சக்தியில் மிகப் பெரும் பகுதி காற்றின் எதிர்ப்பை வெல்வதற்கே போய்விடுகின்றது. அந்த எதிர்ப்பு வேகத்துடன் படிப்படியாக வளர்வதில்லை. வேகம் இரு மடங்காகும்போது காற்றை வெல்வதற்குத் தேவையான வலு எட்டு மடங்காகின்றது. ஆகவே தனியே செல்லும் வீரர் எவ்வளவு வல்லவராயினும், சிறிது வேகத்தைக் கூட்டுவதற்கே பெரும் விலை கொடுக்க வேண்டியுள்ளது.

முன்னே செல்பவரின் பின் சில்லை ஒட்டிச் செல்பவருக்கு இந்தச் சுமை கணிசமாகக் குறைகின்றது. 121 வீரர்களைக் கொண்ட கூட்டமொன்றை மாதிரியாக வைத்து 2018ஆம் ஆண்டு வெளியான காற்றியக்க ஆய்வொன்று, கூட்டத்தின் நடுவே பாதுகாப்பாகச் செல்பவர் எதிர்கொள்ளும் காற்றின் எதிர்ப்பு, தனியே செல்பவர் எதிர்கொள்வதில் 5 முதல் 10 சதவீதம் மாத்திரமே எனக் காட்டியது. முன்னே ஒருவர் வியர்வை சிந்த, அவர் பின்னால் மறைந்து செல்பவர் தமது கால்களின் வலுவைச் சேமித்து வைத்துக் கொள்கின்றார். ஐந்து மணித்தியாலப் பயணத்தின் இறுதி அரை மணித்தியாலத்தில் அச்சேமிப்பே வெற்றியாக மாறுகின்றது.

ஆக, யார் பலசாலி என்ற கேள்வியை விட, யாருக்காக யார் காற்றை வாங்குகின்றார் என்ற கேள்வியே இங்கு முக்கியம் பெறுகின்றது.

வசைச் சொல் பதவிப் பெயரான கதை

இவ்விளையாட்டின் மாபெரும் விழாவான டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தோற்றுவித்தது ஒரு பத்திரிகையாகும். 'லோட்டோ' என்ற அப்பத்திரிகை தனது விற்பனையைப் பெருக்கும் நோக்குடன் 1903ஆம் ஆண்டு இதனை ஆரம்பித்தது. அது மஞ்சள் தாளில் அச்சிடப்பட்டு வந்தது. 1919ஆம் ஆண்டு முதல் போட்டியில் முன்னணி வகிப்பவருக்கு அணிவிக்கப்படும் மேலங்கியின் நிறமும் மஞ்சளே.

பத்திரிகையின் ஆசிரியரான ஹென்றி தெகிறாஞ்ச் இதனைத் தனிமனித ஆற்றலின் சோதனையாகவே கண்டார். எவரும் எவருக்கும் உதவலாகாது என்பது அவரது விதி. 1913ஆம் ஆண்டு யூஜின் கிறிஸ்தோப் என்ற வீரரின் சைக்கிளின் முன் கவை மலைப் பாதையில் உடைந்தது. அவர் சைக்கிளைச் சுமந்தவாறு பத்துக் கிலோமீற்றருக்கும் மேலாக நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையை அடைந்து, தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார். எனினும் ஒரு சிறுவன் அவருக்காகத் துருத்தியை ஊதிக் கொடுத்தான் என்ற காரணத்தால் அவருக்கு நேரத் தண்டனை விதிக்கப்பட்டது.

அதற்கு இரு வருடங்களுக்கு முன்னர், 1911இல், மோரிஸ் புரொக்கோ என்ற வீரர் மற்றொரு வீரருக்குத் துணை புரிய முன்வந்தார் எனச் சினந்த தெகிறாஞ்ச், அவரைத் 'தொமெஸ்தீக்' என இகழ்ந்தார். வீட்டு வேலையாள் என்பது அதன் பொருள். அன்று வசையாக வீசப்பட்ட அச்சொல்லே இன்று ஒரு மதிப்புக்குரிய தொழிலின் பெயராக நிலைத்து விட்டது. விதி புத்தகத்தில் இருந்தது. காற்றோ வீதியில் இருந்தது. முடிவில் காற்றே வென்றது.

இன்று பெரும் சுற்றோட்டங்களில் ஒவ்வோர் அணியும் எட்டு வீரர்களைக் களமிறக்குகின்றது. 2017ஆம் ஆண்டு வரை ஒன்பது பேர் இடம்பெற்றனர். 21 கட்டங்களையும் ஏறக்குறைய 3,300 கிலோமீற்றர் தூரத்தையும் கொண்ட டூர் டி பிரான்ஸ் போட்டியில், ஓர் அணியின் ஏழு பேர் பெரும்பாலும் ஒருவருக்காகவே உழைக்கின்றனர். அணி வாகனத்திலிருந்து தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்து வருவது, தலைவரின் ரயரில் காற்றுப் போனால் தமது சில்லைக் கழற்றிக் கொடுப்பது, தப்பிச் செல்வோரைத் துரத்திப் பிடிப்பது, மலையடிவாரம் வரை தலைவரைக் காற்றுப் படாமல் கொண்டு சேர்ப்பது ஆகியன இவர்களது கடமைகளாகும். கடமை முடிந்ததும் அவர்கள் பின்தங்கி விடுவர். பெறுபேற்றுப் பட்டியலில் நூறாவது இடத்துக்கு அப்பால் காணப்படும் பெயருக்குரியவர் அன்றைய தினம் தமது பணியைச் செவ்வனே முடித்தவராக இருக்கக்கூடும்.

1934ஆம் ஆண்டு இருபது வயதே நிரம்பிய ரெனே வியெத்தோ, பிரான்ஸ் அணியின் தலைவரான அந்தோனின் மாஞ் விபத்துக்குள்ளானபோது தமது முன் சில்லைக் கழற்றிக் கொடுத்து விட்டு, வீதியோரக் கற்சுவரில் அமர்ந்து உதவி வாகனத்துக்காகக் காத்திருந்தார். கண்ணீருடன் அவர் அமர்ந்திருந்த புகைப்படம் பிரான்ஸ் எங்கும் பேசப்பட்டது. மாஞ் அவ்வருடம் வெற்றி பெற்றார். வியெத்தோ ஐந்தாம் இடத்தைப் பெற்றார். பின்னர் அவர் மஞ்சள் மேலங்கியைப் பல நாட்கள் அணிந்த போதிலும், இறுதி வெற்றி அவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை.

சதுரங்கக் காய்கள்

அணிகளின் வியூகங்களை விளங்கிக் கொள்வதற்கு அண்மைய வருடங்களில் நடைபெற்ற சில போட்டிகளே போதுமானவை.

2022ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியின் 11ஆவது கட்டம் இதற்குச் சிறந்த உதாரணமாகும். ஸ்லோவேனியாவின் தாடேய் பொகச்சார் மஞ்சள் மேலங்கியுடன் அசைக்க முடியாதவர் போலத் தோன்றினார். யம்போ-விஸ்மா அணியிடம் டென்மார்க்கின் யோனாஸ் விங்ககார்ட், ஸ்லோவேனியாவின் பிரிமோஸ் ரொக்லிச் என இரு தலைவர்கள் இருந்தனர். கலிபியே மலைப் பகுதியில் இவ்விருவரும் மாறி மாறித் தாக்கினர். ஒருவர் பாய்ந்ததும் பொகச்சார் துரத்திப் பிடிப்பார். அவர் மூச்சு வாங்குமுன் மற்றவர் பாய்வார். முந்திய விபத்தொன்றில் காயமடைந்திருந்த ரொக்லிச்சுக்குத் தமது வெற்றி வாய்ப்பு அற்றுப் போனது தெரிந்திருந்தது. தம்மையே அவர் ஆயுதமாக்கினார். கொரோனா தொற்றினால் சக வீரர்கள் இருவரை ஏற்கனவே இழந்திருந்த பொகச்சார், ஒவ்வொரு தாக்குதலுக்கும் தாமே பதிலளிக்க நேர்ந்தது. கிரனோன் மலையேற்றத்தில் அவர் தளர்ந்து, விங்ககார்ட்டிடம் 2 நிமிடம் 51 செக்கன்களை இழந்தார். அவ்வருடப் பட்டம் விங்ககார்ட்டைச் சென்றடைந்தது.

மற்றொரு பாடம் 2025ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இத்தாலிச் சுற்றோட்டத்தின் 20ஆவது கட்டத்தில் கிடைத்தது. மெக்சிகோவின் 21 வயது வீரர் இசாக் டெல் டோரோ முன்னணியில் இருந்தார். ஈக்குவடோரின் ரிச்சர்ட் கரபாஸ் 43 செக்கன்கள் பின்தங்கி இரண்டாம் இடத்தில் இருந்தார். பிரித்தானியாவின் சைமன் யேட்ஸ் மூன்றாம் இடத்தில் இருந்தார். பினெஸ்திரே மலையில் யேட்ஸ் தாக்கிச் சென்றபோது, முதலிருவரும் ஒருவரையொருவர் கண்காணித்தனர். தாம் துரத்தினால் மற்றவர் தமது நிழலில் இளைப்பாறி இறுதியில் தம்மை வென்று விடுவார் என இருவருமே அஞ்சினர்.

யேட்ஸின் அணி காலையிலேயே பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட்டை முன்னே பிரிந்து சென்ற குழுவில் அனுப்பி வைத்திருந்தது. மலையைக் கடந்த வான் ஆர்ட் அப்பாலுள்ள பள்ளத்தாக்கில் யேட்ஸை எதிர்கொண்டு, எஞ்சியிருந்த வலு முழுவதையும் செலவிட்டு அவரை இழுத்துச் சென்றார். காலையில் நட்ட காய் மாலையில் பயன் தந்தது. யேட்ஸ் ஏறக்குறைய நான்கு நிமிட வித்தியாசத்தில் சுற்றோட்டத்தை வென்றார். 2018ஆம் ஆண்டு முன்னணியில் இருந்த அவர் முற்றாக நிலைகுலைந்து தோற்றதும் இதே மலையிலேதான் என்பது குறிப்பிடத்தக்கது.

மலைகளில் மாத்திரம் வியூகம் வகுக்கப்படுவதில்லை. வீதிக்குக் குறுக்கே காற்று வீசும்போது, ஒதுங்கிச் செல்ல விரும்பும் வீரர்கள் பின்னால் செல்லாது பக்கவாட்டில் சாய்வாக அணிவகுக்க வேண்டும். வீதியின் அகலம் ஒரு சிலருக்கே இடமளிக்கும். எஞ்சியோர் வீதி ஓரத்தில் காற்றுக்கு இரையாவர். 2013ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியின் 13ஆவது கட்டத்தில், அப்போது இரண்டாம் இடத்திலிருந்த ஸ்பெயினின் அலெயாந்திரோ வல்வேர்டே, சில்லுக் கோளாறினால் தாமதித்த வேளையில் முன்னணி அணிகள் வேகத்தைக் கூட்டின. மலையே இல்லாத அந்தப் பாதையில் அவர் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் இழந்தார். முன்னணியில் இருந்த கிறிஸ் புரூம் கூட அன்று கூட்டம் பிளந்தபோது பின்பகுதியில் அகப்பட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் இழந்தார்.

அணி தவறும்போது

பலமான அணி இருந்தும் அது உரிய வேளையில் உரிய இடத்தில் இல்லையெனில் பயனில்லை. 2024ஆம் ஆண்டு பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் போட்டியின் ஐந்தாவது கட்டத்தில், மஞ்சள் மேலங்கியுடன் வந்த நெதர்லாந்தின் டெமி வொலரிங் முடிவிடத்துக்குச் சில கிலோமீற்றர் தொலைவில் விழுந்தார். அவரை மீட்டுச் செல்லப் போதிய துணை பின்னால் வந்து சேரவில்லை. அவரது அணியைச் சேர்ந்த பிளங்கா வாஸ் அன்றைய கட்டத்தை வென்றார். வொலரிங் 1 நிமிடம் 47 செக்கன்களை இழந்தார். இறுதி நாளில் அல்ப் துவேஸ் மலையுச்சியில் அவர் கட்ட வெற்றியைப் பெற்ற போதிலும், போலந்தின் கசியா நியுவியாடோமாவிடம் நான்கே நான்கு செக்கன்களால் பட்டத்தைப் பறிகொடுத்தார். ஒரு கட்ட வெற்றியின் மகிழ்ச்சி, முழுப் போட்டியின் விலையாகியது.

டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் வீதியோட்டமும் இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. 2021 ஜூலையில் நடைபெற்ற அப்போட்டியில் உலகின் மிகச் சிறந்த நால்வரைக் கொண்டிருந்த நெதர்லாந்து அணியே வெல்லும் என எதிர்பார்க்கப்பட்டது. கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவரும், தொழில்முறை அணி எதனிலும் அப்போது இடம்பெறாதவருமான ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோபர் ஆரம்பத்திலேயே முன்னேறிச் சென்றார். ஒலிம்பிக்கில் வீரர்களின் காதில் வானொலித் தொடர்பு இருப்பதில்லை. முன்னே இன்னொருவர் இருக்கின்றார் என்பதை அறியாத அன்னமீக் வான் வுளூட்டன், முடிவுக் கோட்டைக் கடந்தபோது தாமே வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். அவருக்குக் கிடைத்தது வெள்ளிப் பதக்கமாகும். நான்கு வல்லவர்களின் கூட்டு, ஒரு தகவல் இல்லாமையால் தோற்றது.

தலைவர் யார்?

அணி வியூகங்களில் மிகவும் சிக்கலானது, ஓர் அணியில் இரு வல்லவர்கள் இருப்பதாகும். 1985ஆம் ஆண்டு பிரான்ஸின் பெர்னார்ட் ஹினோல் தமது ஐந்தாவது பட்டத்தை வெல்வதற்கு அமெரிக்காவின் கிரெக் லெமோண்ட் தமது வாய்ப்பை விட்டுக் கொடுத்தார். மறுவருடம் தாம் துணை நிற்பதாக ஹினோல் வாக்களித்தார். ஆயினும் 1986இல் அவர் மீண்டும் மீண்டும் தாக்கி, ஒரு கட்டத்தில் ஐந்து நிமிடங்களுக்கு மேல் முன்னிலை பெற்றார். லெமோண்ட் தமது சொந்த அணித் தோழரையே வென்றுதான் பட்டத்தை அடைய வேண்டியிருந்தது.

2012இல் பிரித்தானியாவின் ஸ்கை அணியில் பிரட்லி விக்கின்ஸின் துணைவராக இருந்த புரூம், மலையில் தலைவரை விட வேகமாக ஏறக்கூடியவராகக் காணப்பட்டும் அணியின் பணிப்புக்கமையத் தாமதித்து நின்றார். விக்கின்ஸ் முதலிடத்தையும் புரூம் இரண்டாம் இடத்தையும் பெற்றனர். மறுவருடம் தலைமை புரூமிடம் வந்தது. 2013, 2015, 2016, 2017 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவர் பட்டம் வென்றார்.

இவை அனைத்திலும் மனதைத் தொடுவது 2023ஆம் ஆண்டு ஸ்பெயின் சுற்றோட்டமாகும். அமெரிக்காவின் செப் குஸ், அவ்வருடம் இத்தாலியில் ரொக்லிச்சும் பிரான்ஸில் விங்ககார்ட்டும் வெற்றி பெற உழைத்த துணைவர். ஸ்பெயினில் முன்னே பிரிந்து சென்ற குழு ஒன்றில் கிடைத்த நேர இலாபத்தினால் சிவப்பு மேலங்கி எதிர்பாராத வகையில் அவரது தோளில் ஏறியது. அங்லிரு மலையில் அவர் யாருக்காக உழைத்தாரோ அந்த இருவருமே அவரைப் பின்னால் விட்டு விட்டு முன்னேறினர். குஸ்ஸிடம் எஞ்சியது எட்டு செக்கன் முன்னிலை மாத்திரமே. இரசிகர்களின் கண்டனம் பலமாக எழுந்தது. அதன் பின்னர் அணி குஸ்ஸின் பக்கம் நின்றது. அவர் சுற்றோட்டத்தை வென்றார். விங்ககார்ட் இரண்டாம் இடத்தையும் ரொக்லிச் மூன்றாம் இடத்தையும் பெற்றனர். துணைவர்களுக்கும் ஒரு நாள் உண்டு என்பதற்கு இது சான்றாயினும், இத்தகைய நாட்கள் மிக அரிதானவை என்பதையும் மறுப்பதற்கில்லை.

வீரர் ஒருவரின் எதிர்காலத்தைக் கணிப்பது எவ்வாறு?

ஆகவே, ஒரு வீரரின் வெற்றி வாய்ப்பை மதிப்பிட முனைவோர் அவரது கால்களின் வலுவை மாத்திரம் நோக்குவது போதாது. அவர் மலையேற்ற வீரரா, இறுதி நேர வேகவீரரா, நேரக் கணிப்பு ஓட்டத்தில் வல்லவரா என்பதும், அவ்வருடப் பாதை எவ்வகையினருக்குச் சாதகமானது என்பதும் முதலில் நோக்கப்பட வேண்டும். இறுதி மலையில் அவருடன் எத்தனை துணைவர்கள் எஞ்சியிருப்பர் என்பது அடுத்த கேள்வி. அணியில் அவருக்கு மேல் வேறொரு தலைவர் இருக்கின்றாரா என்பதே பல இளம் வீரர்களின் விதியைத் தீர்மானிக்கும் கேள்வியாகும்.

2020, 2021, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் பட்டத்தை வென்ற பொகச்சார் ஐக்கிய அரபு இராச்சியத்தின் அணியைச் சேர்ந்தவர். டெல் டோரோ அதே அணியில் வளர்ந்தவர். வசதி மிக்க அணியில் சிறந்த பயிற்சியும் சிறந்த உபகரணங்களும் கிடைக்கும். ஆனால் மாபெரும் மேடையில் தலைமை கிடைப்பதில்லை. வறிய அணிக்குச் சென்றால் தலைமை கிடைக்கும். துணைவர்கள் கிடைக்க மாட்டார்கள். இளம் வீரர்கள் இவ்விரண்டுக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியுள்ளது.

பணமும் ஆளணியும் மாத்திரம் போதும் என எண்ணுவதும் தவறாகும். 2025ஆம் ஆண்டு ஸ்பெயின் சுற்றோட்டத்தில் இதே அணி, அணி நேரக் கணிப்பு ஓட்டம் உட்பட ஏழு கட்டங்களை வென்றது. எனினும் அதன் தலைவரான போர்த்துக்கலின் ஜொவாவோ அல்மெய்தா, விங்ககார்ட்டுக்கு அடுத்ததாக இரண்டாம் இடத்தையே பெற்றார். அணியினர் தத்தம் கட்ட வெற்றிகளை நாடியமை தலைவரைப் பலவீனப்படுத்தியதாக அப்போது விமர்சனங்கள் எழுந்தன.

வறிய நாடுகளின் வீரர்களுக்கும் கதவு மெல்லத் திறந்து வருகின்றது. எரித்திரியாவின் பினியம் கிர்மாய் செல்வம் குறைந்த பெல்ஜிய அணியொன்றில் இருந்தவாறே 2024ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியில் மூன்று கட்டங்களையும் பச்சை மேலங்கியையும் வென்றார். கறுப்பின ஆபிரிக்கர் ஒருவர் அப்போட்டியில் கட்ட வெற்றி பெற்றது அதுவே முதற்தடவையாகும். 2025இல் உலக வீதியோட்டச் சம்பியன் போட்டி முதன்முறையாக ஆபிரிக்க மண்ணில், ருவாண்டாவின் கிகாலியில் நடைபெற்றது.

கீழ்ப்படிதலின் எல்லை

அணிக்காகத் தன்னை மறப்பது உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. எனினும் அப்பண்புக்கும் ஓர் எல்லை உண்டு. 1999 முதல் 2005 வரை தொடர்ச்சியாக ஏழு தடவைகள் வென்ற அமெரிக்காவின் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் பட்டங்கள் அனைத்தும் ஊக்கமருந்துப் பாவனை காரணமாக 2012இல் பறிக்கப்பட்டன. அவ்வேழு வருடங்களுக்கும் வெற்றியாளர் என எவரது பெயரும் பதியப்படவில்லை. அவருக்கு எதிராகச் சாட்சியமளித்தோருள் பதினொரு பேர் அவரது முன்னாள் அணித் தோழர்கள். தலைவருக்காகக் காற்றைத் தாங்கிய அதே அணி ஒழுங்கு, தலைவரின் குற்றத்தை மறைத்து அதில் பங்கேற்கவும் வருடக்கணக்கில் பயன்பட்டது. துணைவர்கள் வாய் திறந்த நாளிலேயே உண்மை வெளியானது.

டூர் டி பிரான்ஸ் போட்டியின் வெற்றியாளருக்கு 5 இலட்சம் யூரோ பரிசாக வழங்கப்பட்டு வருகின்றது. அதனை வெற்றியாளர் தமது அணியினருடன் பகிர்ந்து கொள்வது நெடுங்கால மரபாகும். இதனைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. தாம் வென்றது எவ்வாறு என்பதை வென்றவரே அறிவார் என்பதால் அம்மரபு நிலைத்துள்ளது. பணம் பகிரப்படுகின்றது, புகழ் பகிரப்படுவதில்லை. மேடையில் மஞ்சள் மேலங்கியுடன் நிற்பவரை உலகம் பார்க்கின்றது. இனிமேல் இப்போட்டிகளைப் பார்க்கக் கிடைத்தால், கூட்டத்தின் முன்வரிசையில் முகத்தில் காற்றை வாங்கியவாறு தலை குனிந்து உழைக்கும் வீரர்களையும் சற்று நேரம் கவனியுங்கள். யார் வெல்லப் போகின்றார் என்பது பெரும்பாலும் அங்கேதான் தீர்மானிக்கப்பட்டுக் கொண்டிருக்கும்.